ஒப்பீட்டுக்கு ஒரு கை

அந்த அலுவலகத்தின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அறையின் தரையைத் துடைத்துவிடலாம். நான் துடைத்திருக்கிறேன். ‘ஐரோப்பிய நாடுகளுக்கிடையே சென்று உழைப்போரின் நடமாட்டச் சுதந்திரத்தையும் சம நடத்துகையையும் உறுதிசெய்யும் வட்டார மையம், மோர்ஸ்டெட் கிளை.’ பல்கேரியாவிலிருந்து வந்த எங்களுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. ‘சம ஆபீஸ்’ என்போம். வாசல் கண்ணாடியில் இருபத்துநான்கு மொழிகளில் ‘வருக’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, ஜெர்மன் மொழியில் மட்டும், ‘முன்பதிவு இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது.’

ருமென் கோலெவ் இருபத்துநான்கில் தனக்குரிய ஒன்றைப் படித்துவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

நவம்பர் ஆறாம் தேதி. வலது கையில் முழங்கை வரை கட்டு. ஆறு நாளுக்கு முன்பு பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் வெட்டுக் கூடத்தில், தோள் எலும்பைப் பிரிக்கும்போது கத்தி வழுக்கி உள்ளங்கைக்குள் இறங்கி, மூன்று விரல்களை மடக்கும் தசைநாண்களை அறுத்துவிட்டது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் கட்டுப்போட்டு, தெளிவாகவே சொல்லியிருந்தார்.

“மூணு வாரத்துக்குள்ள தைக்கணும். தைச்சா விரல் மடங்கும். தாண்டிட்டா நாண் சுருங்கிப் போயிடும். அப்புறம் அது கை இல்ல, கை மாதிரி ஒண்ணு.”

இருபத்தொன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை என்று நாளும் குறித்தாகிவிட்டது. ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. இவன் இந்த நாட்டில் ‘உழைப்பாளி’ என்று சம ஆபீஸ் சான்று தர வேண்டும். ஏனென்றால் அடிபட்ட மறுநாளே கம்பெனி இவனைக் காப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டது. காரணம், ‘தானாகவே விலகினார்.’ ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். இவன் ஏதோ மருந்துக்கு என்று நினைத்து இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

கதவில் ‘டாக்டர் ஹார்ம்சன்’ என்று பலகை. ருமென் நேரே போய் உள்ளே இருந்த அம்மாளிடம் கட்டுப்போட்ட கையை நீட்டினான். “டாக்டரம்மா.”

“இவர் ஏன் கையை நீட்டுறார், லாங்கே?” என்றார் ஹார்ம்சன், பக்கத்து மேஜையில் இருந்த உதவியாளரிடம்.

“கதவுல டாக்டர்னு போட்டிருக்குங்க.”

“நான் நிர்வாக ஒப்பீட்டியல்ல டாக்டர். கையை எடுத்துக்கச் சொல்லுங்க, மேஜையில படுது.”

பிறகு அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து நடைமுறையை விளக்கினார். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் விளக்குவார்.

“திரு. கோலெவ், நாங்க ஜெர்மன்ல கேள்வி கேட்டா மத்த இருபத்துமூணு மொழிக்கும் அநியாயம். உங்க மொழியில கேட்டாலும் மத்த இருபத்துமூணு மொழிக்கும் அநியாயம். எட்டு வருஷம் யோசிச்சோம். கடைசியில மொழியையே எடுத்துட்டோம். இங்க கேள்வி படத்துல வரும், பதில் தலையில வரும். தலை எல்லாருக்கும் ஒண்ணுதான். புரியுதா?”

இதை அவர் ஜெர்மனில் சொன்னார். ருமென் மரியாதைக்குச் சிரித்து வைத்தான்.

எங்கள் நாட்டில் தலை வேறு மாதிரி வேலை செய்யும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ‘ஆமாம்’ என்றால் தலை இடமும் வலமுமாக ஆடும். ‘இல்லை’ என்றால் மேலும் கீழுமாக அசையும். ஜெர்மானியர்களுக்கு நேர்மாறு. இந்தக் குழப்பத்தால் நடந்த திருமணங்களும் உண்டு, நின்ற திருமணங்களும் உண்டு.

லாங்கே முதல் அட்டையைத் தூக்கினார். தொழிற்சாலை வாசல். ஒருவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வெளியே போகிறான்.

ருமென் பதறிப்போய்த் தலையை மேலும் கீழுமாக அசைத்தான். இல்லவே இல்லை.

“தானா விலகினார். ஆம்,” என்று லாங்கே எழுதினார்.

இரண்டாவது அட்டை. கட்டுப்போட்ட கை, அதைச் சுற்றி மின்னல் கோடுகள். ருமென் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வலி. இல்லை.”

மூன்றாவது அட்டை. ஒரே உயரத்தில் இரண்டு பேர், தோளில் தோள் உரச, பின்னால் தராசு. ருமென் மேலும் கீழும் அசைத்த வேகத்தில் கழுத்து சொடக்குப் போட்டது.

“சமமா நடத்தப்பட்டாரா? ஆம். அழுத்தமா.”

நான் துடைப்பானைக் கீழே போட்டேன். “மேடம், அவன் ஆட்டுறது தலைகீழ். எங்க ஊர்ல ஆமான்னா இப்படி...”

“தோனா, உங்களுக்குத் தரைதானே?”

“ஆமா மேடம். ஆனா இது...”

“நாளைக்கு லாட்வியாக்காரர் ஒருத்தர் வர்றார்னு வைங்க. அவருக்கு எடுத்துச் சொல்ல இங்க லாட்வியாவுலேருந்து துப்புரவுக்கு யாராவது இருக்காங்களா?”

“இல்ல மேடம்.”

“அப்ப உங்க உதவி பாகுபாடு. வாளியை எடுங்க.”

நான் எடுத்தேன். அவர்கள் தாளைப் படித்துப் பார்த்தார்கள்.

“தானா விலகியிருக்கார். வலி இல்ல. சமமா நடத்தியிருக்காங்க, அதுவும் அழுத்தமா. அப்புறம் எதுக்கு வந்தார்?” என்றார் ஹார்ம்சன்.

லாங்கே யோசித்தார். “நன்றி சொல்ல வந்திருப்பாரோ?”

“பாவம், கையோட வந்திருக்கார்.” அந்த அம்மாள் எழுந்து நின்று ருமெனின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். மனு ‘பாராட்டுகள்’ கோப்புக்குள் போயிற்று. அந்த ஆண்டில் அது நாற்பத்தோராவது பாராட்டு.

விடுதியில் எட்டுக் கட்டில் அறைக்கு ஒரு சமையலறை. வேலை முடிந்ததும் நான் அங்கே போய் நடந்ததைச் சொன்னேன். ருமெனின் பக்கத்துக் கட்டில்காரன் ஓக்னியன், மின் அடுப்பில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தவன், இடுக்கியோடு திரும்பினான்.

“டேய், பதினோரு வருஷமா இந்த நாட்டுல இருக்க. தலையைக்கூடவா மாத்திக்கலை?”

“யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்லையே, அண்ணே. வெட்டுன்னுதான் சொல்லுவாங்க. அதுக்கு எதுக்குத் தலை?”

“சரி, உட்காரு. உன் பேரு ருமெனா?”

தலை இடவலமாக ஆடியது. மிளகாய் இடுக்கி மண்டையில் விழுந்தது.

“மேல, கீழ! ஆமான்னா மேல, கீழ! கழுதைகூட ரெண்டு நாள்ல படிச்சிடும்.”

“கழுதைக்குக் கழுத்து நீளம்.”

“வாயி மட்டும் நல்லா இருக்கு. நீ மனுஷனா?”

மேலும் கீழும்.

“நீ குதிரையா?”

மேலும் கீழும்.

“நாசமாப் போ. மறுபடி. நீ குதிரையா?”

மூன்று நாள் இப்படி நடந்தது. அறையில் இருந்த மற்ற ஏழு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். சூப்பு வேணுமா, சன்னலைத் திறக்கட்டுமா, உன் மாமியாரைப் பிடிக்குமா. நான்காம் நாள் ருமென் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. சொந்த ஊரான லோமிலிருந்து மனைவி யோர்தான்கா வீடியோவில் கூப்பிட்டபோதும் செய்யவில்லை.

“ஏங்க, கை ரொம்ப வலிக்குதா?”

மேலும் கீழும்.

“அப்பாடா,” என்றாள் அவள். “நான் ஒண்ணும் சாப்பிடாம கிடந்தேன். நல்லவேளை. ஆபரேஷன் அன்னைக்கு நான் வரணுமா?”

மேலும் கீழும்.

“சரி, அப்ப டிக்கெட் எடுக்கலை. பஸ்ஸுல முப்பது மணி நேரம். நீங்க தைரியமா இருக்கீங்க, அது போதும்.”

போனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஓக்னியன் திரும்பக் கூப்பிடச் சொன்னான். “வேணாம் அண்ணே. அவ சந்தோஷமா இருக்கா,” என்றான் ருமென்.

மேல்முறையீட்டுத் தாளை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், அலுவலகத்துக்கு வெளியே, என் சொந்த நேரத்தில், என் சொந்தப் பேனாவால். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பத் தெரியவில்லை. ‘உம்மோடு ஒப்பிடத்தக்க உள்ளூர்த் தொழிலாளியின் பெயர்.’ அதைக் காலியாக விட்டோம். பதிமூன்றாம் தேதி அழைப்பு வந்தது.

“காலியா விட்டிருக்கார்,” என்றார் ஹார்ம்சன். அவருக்குக் கோபமே வராது. வருத்தம்தான் வரும். “திரு. கோலெவ், சமம்னா என்ன? ஒண்ணு தனியா நின்னா அது எதுக்குமே சமமா இருக்க முடியாது. ரெண்டு வேணும். உங்களை மோசமா நடத்தினாங்கன்னு சொல்றீங்க. யாரைவிட? பக்கத்துல ஒரு உள்ளூர்க்காரர் நிக்கணும். அவரை நல்லா நடத்தியிருக்கணும். அப்பதான் நான் கோபப்பட முடியும். கோபப்பட எனக்கும் ஆசைதான். சட்டம் இடம் குடுக்கணுமே. லாங்கே, வெட்டுக் கூடத்துல உள்ளூர்க்காரங்க எத்தனை பேர்?”

“மொத்தம் இருநூத்திப் பதினாலு பேருங்க. பல்கேரியா, ருமேனியா. உள்ளூர் ஒருத்தர்.”

“யாரு?”

“கால்நடை ஆய்வாளர். பன்றிகளுக்காக வர்றவர்.”

“அவர் கை?”

“நல்லா இருக்குங்க. ஆனா அவர் பன்றியைப் பார்த்துக்கற ஆள். அவரை வெச்சு ஒப்பிட்டா பன்றியைத்தான் ஒப்பிடலாம்.”

ஹார்ம்சன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஒப்பீடு எங்கிருந்து வந்தாலும் அவருக்குப் பிடிக்கும். “பன்றிங்களை எப்படி நடத்துறாங்க?”

“எல்லாம் விதிப்படி. எட்டு மணி நேரத்துக்கு மேல பயணம் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் இத்தனை இடம், இத்தனை வெளிச்சம். அடிபட்டா உடனே டாக்டர்.”

“இவங்களுக்கு?”

லாங்கே கோப்பைப் புரட்டினார். “பயணம் முப்பது மணி நேரம். விடுதியில எட்டுக் கட்டில். இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் விதி எதுவும் எழுதலைங்க.”

“எழுதாத இடத்துல மீறல் இல்ல,” என்று ஹார்ம்சன் பெருமூச்சு விட்டார். “சரி. உள்ளூர்த் தொழிலாளி இல்லைன்னா நாம ஒருத்தரை உண்டாக்கணும். இந்த ஆபீஸ் கையைக் கட்டிக்கிட்டு இருக்காது.”

ருமென் தன் கட்டிய கையைப் பார்த்துக்கொண்டான்.

அன்றைக்கே அலுவலகம் விளம்பரம் கொடுத்தது. ‘பொதுநலனுக்காக ஒப்பிடப்பட விரும்பும் உள்ளூர்வாசி தேவை.’ ஒரே ஒருவர் வந்தார். எக்கார்ட் ப்ரிங்க் என்று பெயர். தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் உருளைக்கிழங்கின் தோலைக்கூடச் சீவியதில்லை. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு நேரம் வீணாகியிருக்காது.

பதினான்காம் தேதி காலை ருமெனின் இடத்தில் அவரை நிறுத்தினார்கள். முதலில் அவருக்கு இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை வந்தது. அப்படி ஒரு பொருள் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதே இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் அன்றுதான் தெரிந்தது. பிறகு நாற்காலி வந்தது. பிறகு அவர் பழகிக்கொள்வதற்காக ஓடும் பட்டையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். கடைசியில் அவர் மூக்கைச் சிந்த வேண்டும் என்று மொத்தக் கூடத்தையும் நிறுத்தினார்கள்.

ருமென் ஓரமாக நின்று பார்த்தான். ப்ரிங்க் அவனைக் கூப்பிட்டு இரும்புக் கையுறையைத் தொட்டுக் காட்டினார்.

“உனக்கு இது குடுக்கலையா தம்பி?”

ருமென் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினான். துணிக் கையுறை. உள்ளங்கையில் நீளமாக ஒரு கிழிசல், அதன் ஓரமெல்லாம் காய்ந்த பழுப்பு.

கிழவரின் முகம் சிவந்தது. “இது அக்கிரமம். நான் எழுதிக் குடுக்கறேன். எவன் வந்து கேட்டாலும் சொல்றேன். கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்!” என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவர் வேலை செய்தது மொத்தம் நாற்பது நிமிடம். இடுப்பு பிடித்த பன்னிரண்டாவது நிமிடத்தில் கூடத்துக்கே டாக்டர் வந்துவிட்டார். பிற்பகலுக்குள் ஒப்புதல் வந்தது. மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று, சேற்றுக் குளியல், மூலிகை ஆவி, மூன்று வாரம். வண்டியில் ஏற்றும்போதுகூடக் கிழவர் கத்திக்கொண்டுதான் இருந்தார். “அந்தப் பையன் கையுறை! எழுதிக்குங்க! கையுறை!”

“வலியில பேசறார்,” என்றார் லாங்கே அனுதாபத்தோடு.

“பார்த்தீங்களா,” என்று அவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் துணிந்து கேட்டேன். “அந்த ஐயாவுக்கு அரை நாள்ல எல்லாம் கிடைச்சிடுச்சு. இவனுக்கு எதுவும் இல்ல. இதுதானே மேடம் நீங்க தேடின ஒப்பீடு?”

ஹார்ம்சன் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “தோனா, அவருக்கு இடுப்பு. இவருக்குக் கை. இடுப்பும் கையும் எப்படி ஒண்ணாகும்? திரு. ப்ரிங்குக்குக் கை அறுபட்டிருந்தா பேசலாம். கேட்டும் பார்த்தோம். மறுத்துட்டார்.”

“கேட்டீங்களா?”

“எழுத்துல கேட்டோம். நாங்க எதையும் விட்டு வைக்கறதில்ல. சரி, அவர் குணமாகி வரட்டும், டிசம்பர்ல பார்ப்போம்.”

“மேடம், இருபத்தொண்ணாம் தேதி ஆபரேஷன்.”

“அதுக்குத்தான் தற்காலிகச் சான்று இருக்கே. ஒப்பீடு இல்லாமலே குடுக்கலாம். மனுதாரர் தலையசைப்பு போதும். இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. நடுவுல எனக்கு ஒரு பயிற்சி இருக்கு.”

அந்த வாரம் நான் கொஞ்சம் சந்தோஷமாகவே தரை துடைத்தேன். தலை பழகிவிட்டது. தலை போதும் என்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

இருபதாம் தேதி ருமென் குளித்து, ஓக்னியனின் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். விரல் நுனிகள் கட்டுக்கு வெளியே வீங்கித் தெரிந்தன. ஹார்ம்சன் வெயில் பட்ட முகத்தோடு வந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். பதினாறு வருடத்தில் அது முதல் முறை.

“தோனா, நீங்க அன்னைக்குச் சொன்னது என்னை உறுத்திக்கிட்டே இருந்தது. நாங்க தப்புன்னா ஒத்துக்கற ஆபீஸ். மூணு நாள் ஏரிக்கரை ஹோட்டல்ல தனிப் பயிற்சி ஏற்பாடு பண்ணினோம். ‘பல்கேரியத் தலை: ஓர் அறிமுகம்.’ எனக்குத்தான் முதல் மதிப்பெண்.” சட்டையில் குத்திய ஒரு வில்லை மின்னியது. “இனிமே இவர் எப்படி ஆட்டினாலும் எனக்குப் புரியும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் லாங்கே அட்டையைத் தூக்கிவிட்டார்.

கட்டுப்போட்ட கை, மின்னல் கோடுகள்.

ருமென் அழகாக, தெளிவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, மேலும் கீழும் அசைத்தான்.

“வலி இல்லையாம்,” என்றார் ஹார்ம்சன், முகமெல்லாம் பூரித்து. “பார்த்தீங்களா லாங்கே, நீங்களா இருந்தா ஆம்னு எழுதியிருப்பீங்க.”

அடுத்த அட்டை. அறுவை சிகிச்சை மேஜை, விளக்கு, முகமூடி போட்ட டாக்டர். ருமென் மேலும் கீழும், மேலும் கீழும். நாற்காலி ஆடியது.

“சிகிச்சை வேண்டாம். எவ்வளவு உறுதியா சொல்றார்!”

“மேடம்!” என்று கத்தினேன். “இன்னைக்கு அவன் ஆட்டுறது ஜெர்மன் தலை! உங்களுக்காகப் பழகிட்டு வந்திருக்கான்!”

ஹார்ம்சன் வில்லையைத் தொட்டுக்கொண்டார். அவருக்கு வருத்தம் வந்துவிட்டது.

“அவருடைய தலையை அவர்கிட்டேருந்து பிடுங்கப் பார்க்கறீங்களா, தோனா? ஒரு மனுஷன் நாடு விட்டு நாடு வந்து, மொழியை விட்டு, வீட்டை விட்டு நிக்கிறார். மிச்சம் இருக்கறது அந்தத் தலையாட்டல் ஒண்ணுதான். அதையும் மாத்திக்கோன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்குத் தெரியும். இந்த ஆபீஸ் அந்தப் பக்கம் இல்ல. இந்த ஆபீஸ்ல அவர் பல்கேரியராவே இருக்கலாம்.”

லாங்கே தயங்கினார். “ஒருவேளை அவங்க சொல்றது...”

“நீங்க பயிற்சிக்கு வந்தீங்களா?”

“இல்லைங்க.”

ருமெனுக்கு வார்த்தை புரியவில்லை. நிலைமை புரிந்தது. உடனே இடவலமாக ஆட்டிப் பார்த்தான். ஹார்ம்சன் எழுதும் பேனாவின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே மறுபடி மேலும் கீழும். பிறகு இரண்டையும் கலந்து, தலை வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. வியர்வை கொட்டியது. கடைசியில் எழுந்து நின்று கட்டைக் காட்டி, ஜெர்மனில் “கை! கை!” என்றான்.

“பேச்சு செல்லாது, திரு. கோலெவ்,” என்றார் ஹார்ம்சன் மென்மையாக. “மத்த இருபத்துமூணு பேரை நினைச்சுப் பாருங்க. இன்னொண்ணும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பேர்ல என்ன இருக்கு? நடமாட்டச் சுதந்திரம். நடமாடறது காலால. உங்க கால் ரெண்டும் நல்லா இருக்கு. நீங்க இந்தக் கண்டத்துல எங்க வேணாலும் நடக்கலாம். உங்க தாத்தா நடந்திருக்க முடியுமா? முள்வேலி, துப்பாக்கி. இன்னைக்கு யாராவது உங்களைத் தடுக்கறாங்களா?”

யாரும் தடுக்கவில்லை. கதவை லாங்கேயே திறந்து விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஓக்னியன் அவனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனான். கணினி முன்னால் இருந்த பெண் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

“மனுதாரர் சிகிச்சை வேண்டாம்னு சொன்னதா தகவல் வந்திருக்கே. அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு.”

“யாருக்குங்க?”

“அதைச் சொல்லக் கூடாது. டென்னிஸ் ஆடறவருக்கு மணிக்கட்டு.”

அந்த இளம் டாக்டர் தாழ்வாரத்துக்கே வந்து இரண்டு பேரிடம் சண்டை போட்டார். நான்கு இடத்துக்குப் போன் செய்தார். நான்கு இடத்திலும் காகிதம் கேட்டார்கள். அவர் ருமெனின் கட்டை அவிழ்த்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, புதுக் கட்டுப் போட்டு, “மன்னிச்சுக்குங்க” என்றார். அதற்கு ருமென் தலையை எந்தப் பக்கமும் அசைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குள் காயம் ஆறிவிட்டது. நடுவிரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் நீட்டியபடியே நின்றுவிட்டன, யாருக்கோ வழி காட்டுவது போல. கத்தி பிடிக்காது. கரண்டி பிடிக்காது. சட்டைப் பொத்தானை ஓக்னியன் போட்டுவிடுவான். “கையை நீட்டினியே, இப்ப பார், மடக்கவே வரலை,” என்று கேலி பேசியபடியே போடுவான். பேசிவிட்டு வெளியே போய்த் தனியாக நின்று புகைப்பான். ப்ரிங்க் கிழவர் சேற்றுக் குளியலிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். ‘கையுறை பற்றி மூன்று கடிதம் எழுதிவிட்டேன்’ என்று இருந்தது. மூன்றும் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்திருந்தன. பாராட்டுகள் கோப்பில் நானே தூசு தட்டியிருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் ஹார்ம்சன் ருமெனைக் கூப்பிட்டனுப்பினார். அன்றைக்கு மட்டும், மனுதாரராக வரவில்லை என்பதால், மொழி அனுமதிக்கப்பட்டது. மொழிபெயர்க்க என்னைத் தரையிலிருந்து எழுப்பினார்கள்.

“திரு. கோலெவ், உங்க வழக்குல நாங்க ரொம்பக் கத்துக்கிட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒப்பிட ஆள் இல்லாம தவிக்கிறோம். உள்ளூர்க்காரங்க இடுப்பு தாங்கலை. ஆனா நீங்க பதினோரு வருஷமா மோர்ஸ்டெட் முகவரியில இருக்கீங்க. அதாவது, பார்த்தா, நீங்களே ஒரு உள்ளூர்க்காரர். வெட்டுக் கூடத்து வேலை, வலது கை காயம், எல்லாம் பொருந்துது. உங்களை நிரந்தர ஒப்பாளரா நியமிக்கறோம். நாற்காலி உண்டு. கையுறை வேணும்னாலும் உண்டு.”

“என்ன வேலை செய்யணும்?”

“ஒண்ணும் இல்ல. உட்காரணும். கேட்கும்போது கையைக் காட்டணும்.”

“வேணாம்னு சொல்லிடு,” என்றேன் எங்கள் மொழியில்.

“சொல்லிட்டு எங்க போறது, அக்கா? கத்தி பிடிக்க வராது. ஊருக்குப் போனா யோர்தான்கா இந்தக் கையைப் பார்ப்பா. இன்னும் அவகிட்ட சொல்லலை.”

அவன் ஒத்துக்கொண்டான். அலுவலகத்தின் ஊழியன் ஆகிவிட்டதால் அன்றைக்கே, பதினைந்து நிமிடத்தில், நீல முத்திரை குத்தி ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ‘இதனைக் கொண்டிருப்பவர் உழைப்பாளி ஆவார்.’ அவன் அதை இடது கையால் வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி முதல் ஆள் வந்தாள். ஃப்ளோரேயா என்று ஒரு ருமேனியாக்காரி. அதே கூடம், அதே பட்டை. வலது கையில் கட்டு, காயம் பட்டு ஐந்தாவது நாள். கட்டின் ஓரத்தில் ரத்தம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அட்டை, தலை எல்லாம் முடிந்தது. அவர்கள் நாட்டுத் தலை ஜெர்மன் தலை மாதிரிதான் ஆடும். எல்லாம் சரியாகவே பதிவாயிற்று. ஹார்ம்சனுக்கே கண் கலங்கியது.

“எனக்கு மனசார உதவணும்னு இருக்கு. ஆனா ஒப்பாளரைப் பார்க்கணும். திரு. கோலெவ், கையைக் காட்டுங்க.”

ருமென் காட்டினான். ஃப்ளோரேயா அந்த மூன்று விரல்களைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்தது.

“இவருக்கும் இதே காயம். இவருக்குச் சிகிச்சை கிடைக்கலை,” என்றார் ஹார்ம்சன். “உங்களுக்குக் கிடைச்சா அது இவருக்குச் செய்யற பாகுபாடு. எழுதுங்க லாங்கே, இருவரும் சமமாக...”

“இல்ல,” என்றான் ருமென்.

அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் நாற்பதுதான் இருக்கும். அதில் முப்பது பன்றியின் பாகங்கள். ஆனால் அவன் இப்போது மனுதாரன் இல்லை, ஊழியன். பேச அனுமதி உண்டு. நாற்காலியை விட்டு எழுந்தான்.

“இவ நாண், உயிர். என் நாண், செத்தது. பாருங்க.” தன் கையை மடக்கிக் காட்ட முயன்றான். விரல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு அவள் கட்டை இடது கையால் சுட்டினான். “இது புது இறைச்சி. இன்னும் ரத்தம். இன்னும் தைக்கலாம். நான், இவ, சமம் இல்ல! சமம் இல்ல, டாக்டரம்மா!”

லாங்கேயின் பேனா நின்றது. நான் வாளியைக் கீழே வைத்தேன். ஃப்ளோரேயாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ஹார்ம்சன் நீண்ட நேரம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று இளகியது.

“திரு. கோலெவ் சொல்றது சரி,” என்றார் மெதுவாக. “நேர்மையான வாதம். இந்த நிலையில ரெண்டு கையும் சமமில்ல. அவசரப்பட்டு நான் ஒரு அநியாயம் பண்ண இருந்தேன். லாங்கே, இன்னைக்கு எழுதினதை அடிச்சுடுங்க. இந்தம்மாவுக்கு மூணு வாரம் கழிச்சு ஒரு தேதி குடுங்க. அதுக்குள்ள சமமாயிடும்.”

லாங்கே நாட்காட்டியைத் திருப்பி, மார்ச் இரண்டாம் தேதிக்கு எதிரே அவள் பெயரை எழுதினார்.